மூன்று கைதட்டலுக்குள்

அத்தியாயம் பதினொன்று

மேடைத் தச்சருக்கு அன்று காலையிலிருந்தே கை ஓடவில்லை. முப்பது வருஷமாக நாடகக் கம்பெனிகளுக்குப் போலிக் கதவும் சரிந்து விழும் சுவரும், மந்திரவாதிகளுக்குக் கள்ளப் பெட்டியும் செய்து பெயர் வாங்கிய மனிதர், ஒரு பழைய கறுப்புப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அதைத் தொட மனம் வரவில்லை.

போன வாரத்துக் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அவருடைய தங்கை மகள் (வாலு என்பது வீட்டுப் பெயர், இருபத்திரண்டு வயதாகியும் அது போகவில்லை) ஒன்பது வருஷப் பகையை ஒரு பொருட்டாகவே நினைக்காமல், அந்தப் பெட்டியை வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து இறங்கினாள். இதே மாதிரி புதிதாக ஒன்று வேண்டும், தன் அளவுக்கு வேண்டும் என்றாள். அம்மாவுக்குத் தெரியுமா என்று மாமா கேட்டதற்கு, தெரியாது என்று பளிச்சென்று சொன்னாள்.

மறுத்துவிடத்தான் நினைத்தார். ஆனால் அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்ற விதம் அப்படியே அவருடைய தங்கை. சரி என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பழைய பெட்டியும் அவர் செய்ததுதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், தங்கைக்காகவும் தங்கை புருஷனுக்காகவும் செய்தார். அந்த மாப்பிள்ளை மேடைக்கு மின்னும் கோட்டு போட்டுக்கொண்டு வருவார் என்பதால் தச்சர் அவருக்கு ஜிகினா என்று பெயர் வைத்திருந்தார். ஜிகினா மந்திரவாதி, பெட்டிக்குள் போகிறவள் தங்கை.

வித்தை என்னவென்றால், அவளைச் சாக்கில் கட்டிப் பெட்டிக்குள் படுக்க வைத்துப் பூட்டிக் கயிறு சுற்றிவிடுவார்கள். ஜிகினா பெட்டியின் மேல் ஏறி நின்று, முன்னால் ஒரு திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலால் தாளம் போடுவார். சபையே சேர்ந்து மூன்று முறை கைதட்டும். மூன்றாவது தட்டலில் திரை விழுந்தால் மேலே நிற்பது அவள். பூட்டைத் திறந்து பார்த்தால் சாக்குக்குள் ஜிகினா.

ரகசியத்தை வெளியே விடக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம். இருந்தாலும் கதை புரிய வேண்டுமே. பெட்டியின் பின்பலகை உள்பக்கமாகத் திறக்கும். அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு சின்னத் தாழ். உள்ளே இருப்பவள் இடது பக்கமாக ஒருக்களித்து, பின்பலகையைப் பார்த்துப் படுத்திருப்பாள். மேலே சும்மா கிடக்கும் வலது கையால் தாழைத் தள்ளினால் போதும்.

ஆறு வருஷம் அது ஓடியது. ஒரு நாள், ஊரே கூடியிருந்த அரங்கில், மூன்றாவது தட்டலில் திரை விழுந்தபோது தங்கை பாதிதான் வெளியே வந்திருந்தாள். ஒரு கால் மட்டும் பெட்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் யாரோ ஆரம்பிக்க, அரங்கம் முழுக்கச் சிரித்தது. ஜிகினா அதோடு கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பயணச்சீட்டு அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மேடைக்குப் பின்னால், எல்லார் முன்னிலையிலும், தச்சர் வாயை விட்டார். "பெட்டியில ஒரு குறையும் கெடையாது. உள்ளே போற ஆளுக்குத்தான் சுறுசுறுப்பு பத்தல."

ஒப்பனையைத் துடைத்துக்கொண்டு போன தங்கை, அண்ணன் வீட்டு வாசலை அப்புறம் மிதிக்கவே இல்லை.

இப்போது ஜிகினாவுக்கு மறுபடி ஓர் அழைப்பு வந்திருந்தது. பழுது பார்த்த அரங்கம் ஒன்றை மூன்று வாரத்தில் திறக்கிறார்கள். பழைய ஆட்டக்காரர்களை எல்லாம் கூப்பிடுகிறார்கள். மனைவிக்குப் பதில் மகள் பெட்டிக்குள் போகிறாள். அம்மாவிடம் எப்போது சொல்வது, யார் சொல்வது என்பதில்தான் அப்பாவுக்கும் மகளுக்கும் தைரியம் போதவில்லை.

பத்து மணிக்கு வாலு வந்து சேர்ந்தாள். தச்சரின் மனைவி அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போய், இளைத்துவிட்டாய் என்று குறைபட்டு, டீ கொடுத்து, ஒன்பது வருஷக் கதையையும் பதினைந்து நிமிஷத்தில் கேட்டு முடித்தாள். அப்புறம்தான் பட்டறைப் பக்கம் அனுப்பினாள்.

தச்சர் ஒரு பிளைவுட் பலகையைத் தரையில் போட்டு வைத்திருந்தார். அதன்மேல் அவளை முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். சாக்பீஸால் அவளைச் சுற்றிக் கோடு போட ஆரம்பித்தார்.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்கோ. அப்பதான் சரியான அளவு."

"எதுக்கு மாமா?"

"பயந்த ஆள் உள்ளே அப்படித்தான் இருக்கும். அந்த அளவுக்குத்தான் பெட்டி."

தனக்குப் பயமே கிடையாது என்று அவள் படுத்தபடியே சொன்னாள். எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று அவர் இரண்டு விரற்கடை கூடுதலாகவே கோடு போட்டார்.

வேலை என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். பெட்டி வெளியே இருந்து பார்க்க அடக்கமாகத் தெரிய வேண்டும், உள்ளே இடம் இருக்க வேண்டும்; அதற்காக அடிப்பலகையின் ஓரத்தைச் சாய்வாகச் சீவிக் கறுப்புப் பட்டை அடிக்க வேண்டும் என்று விளக்கினார். கீல் முனகாமல் இருக்க அதில் மெழுகு தேய்ப்பது, பலகை தட்டும் சத்தம் கேட்காமல் ஓரமெல்லாம் கம்பளித் துணி ஒட்டுவது, தலைமாட்டில் பித்தளைப் பூவேலைக்குக் கீழே மூச்சுத் துளைகளை ஒளித்து வைப்பது என்று அடுக்கிக்கொண்டே போனார். வாலு வாய் பிளந்து கேட்டாள். மாமாவுக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

"உள்ளே போய்ப் பாக்கவா?" என்று பழைய பெட்டியைக் காட்டினாள்.

பதில் வருவதற்குள் அதில் இறங்கிப் படுத்துக்கொண்டாள். கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் பெட்டி அவளைக் கொண்டது. அவர் மூடியைச் சாத்திவிட்டுக் கைதட்டினார். ஒன்று. இரண்டு. இரண்டாவது தட்டல் முடிவதற்குள் பின்பலகை திறந்து வாலு பாம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றாள்.

"இவ்வளவுதானா? இதுக்கா மாமா அம்மா அவ்வளவு கஷ்டப்பட்டாங்க?" என்று சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "சுறுசுறுப்பு பத்தல" என்று தான் அன்று சொன்னது சரிதான் என்று ஒரு நொடி மனசு மார் தட்டியது. அந்த ஒரு நொடிக்காக அப்புறம் ரொம்ப நாள் வெட்கப்பட்டார்.

அளவு எடுப்பதற்காக டார்ச்சை எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் தலையை விட்டார். உள்ளே கறுப்புத் துணி ஒட்டியிருந்தது. ஆறு வருஷம் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடிய பெட்டி. தாழுக்குப் பக்கத்தில் வலது கை உரசி உரசித் துணி நைந்திருக்க வேண்டும். அந்த இடம் கடையில் வாங்கியபடி இருந்தது.

நைந்திருந்தது வேறு இடம். கீழே, இடது தோள் அழுந்தும் இடத்தில், துணியே இல்லை. மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதைச் சுற்றி அரை வட்டமாக ஒரு தடம் தாழ் வரைக்கும் போயிருந்தது. தேய்ந்த இடத்தின் ஓரத்தில் கைத்தையலில் ஒரு சின்னப் பஞ்சு மெத்தை செய்து, நாலு குட்டி ஆணி அடித்து வைத்திருந்தார்கள் யாரோ. யாரோ என்ன, தங்கைதான். தாழின் அடிப்பக்கத்தில் நகக் கீறல்கள் இருந்தன. மேலிருந்து தள்ள வேண்டிய தாழை யாரோ கீழிருந்து நெம்பியிருக்கிறார்கள்.

"உங்கம்மா இதை எந்தக் கையால திறப்பா?" என்று கேட்டார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"இடது கைதான். அம்மாவுக்கு அவசரம்னா இடது கைதானே வரும்? எழுதறது மட்டும்தான் வலது." சொல்லிவிட்டு வாலு அவரைப் பார்த்தாள். "ஏன் மாமா, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஸ்கேலால் அடித்து அடித்து அவளுக்கு வலது கையில் பென்சிலைத் திணித்தபோது, வீங்கின விரலுக்கு ஊதிவிட்டவர் அவர்தான். பந்தை அவள் இடது கையால் வீசுவாள். கை தவறி விழும் தம்ளரை இடது கையால் பிடிப்பாள். இதெல்லாம் தெரிந்த அண்ணன், அவள் உடம்பை விரற்கடை விரற்கடையாக அளந்து பெட்டி செய்தபோது, கையை மட்டும் மறந்துவிட்டார். தன் கையை வைத்தே தாழைப் பொருத்திவிட்டார்.

மறுபடி உள்ளே போகச் சொன்னார். இந்த முறை இடது கையால் திற என்றார்.

மூன்று தட்டினார். உள்ளே புரளும் சத்தம் கேட்டது. நாலு, ஐந்து. உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட கையை உருவி எடுக்க வேண்டும், மார்புக்குக் குறுக்கே முறுக்கிக்கொண்டு போக வேண்டும். திரும்பிப் படுக்கலாம் என்றால் மூச்சுத் துளை அந்தப் பக்கம் கிடையாது, பலகையும் முதுகுக்குப் போய்விடும். ஆறாவது தட்டலில் பலகை திறந்தது. வாலு தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"வலிக்குது மாமா," என்றாள். சிரிப்பெல்லாம் போயிருந்தது.

இதை மூன்று தட்டலுக்குள் ஆறு வருஷம் செய்தவளைத்தான் சுறுசுறுப்பு இல்லாதவள் என்று அவர் நாலு பேர் முன்னால் சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சட்டையை மாற்றிக்கொண்டு நேராகத் தங்கையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். எங்கே போகிறீர்கள் என்று மனைவி கேட்டதற்கு, வந்து சொல்கிறேன் என்றார்.

தங்கை ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். மத்தியான நேரம், கூட்டம் இல்லை. அண்ணனைப் பார்த்ததும் அவள் முகம் மாறவில்லை. கை மட்டும் நின்றது. மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் இடது கையில் இருந்தது.

"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டாள்.

யாருக்கும் ஒன்றுமில்லை என்றார். வாலு வந்ததை, பெட்டி கேட்டதை, தான் ஒத்துக்கொண்டதை ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். மகள் தன்னிடம் மறைத்தது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசுவதற்குள் ஒருவர் வந்து இருமல் மருந்து கேட்டார்.

மருந்து மேல் தட்டில் இருந்தது. கை நீட்டினால் எட்டும் உயரம்தான். அவள் கை நீட்டவில்லை. மூலையிலிருந்து ஒரு முக்காலியைக் காலால் இழுத்து, அதன்மேல் ஏறி நின்று, தோளை உயர்த்தாமல் எடுத்துக் கொடுத்தாள். வந்தவருக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. தச்சர் அந்த இடது தோளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆள் போனதும் சொன்னார். "நான் பண்ணின தப்பும்மா. உனக்கு இடது கைன்னு தெரிஞ்சும், வலது கைக்குப் பெட்டி செஞ்சு குடுத்துட்டேன். குடுத்துட்டு, உன்மேலயே பழியப் போட்டேன்."

தங்கை கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள்.

"இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"இன்னிக்குத்தான். உள்ளே டார்ச் அடிச்சுப் பாத்தேன்."

புதுப் பெட்டியில் இரண்டு பக்கமும் தாழ் வைக்கப் போகிறேன், இரண்டு பக்கமும் மூச்சுத் துளை வைக்கப் போகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். தனக்கு இனிமேல் எதற்கு அது என்று அவள் கேட்டாள். அதில் கோபம் இல்லை, உண்மையிலேயே கேட்டாள்.

"நான் உன்கிட்ட நேரா சொல்லியிருக்கணும்," என்றாள் தங்கை. "ஒத்திகை அன்னிக்கு வாயத் தொறந்தேன். பழகினா சரியாயிடும்னு சொல்லிட்டு நீ போயிட்ட. உன் வேலையில குறை சொன்னா உனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். அதான் அண்ணிகிட்ட சொன்னேன்."

"யார்கிட்ட?"

"அண்ணிகிட்ட. முதல் மாசமே. இடது கைக்கு மாத்திக் குடுக்கச் சொல்லுங்கன்னு சொன்னேன். ஒரு வாரம் கழிச்சு வந்தாங்க. என் முகத்தப் பாக்காம, 'அவருக்கு இப்ப வேலை ஜாஸ்தி'ன்னு மழுப்பிட்டுப் போயிட்டாங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு, உன் காதுல போடவே இல்லைன்னு." அவள் குரல் முதல் முறையாக உடைந்தது. "நீ சொன்ன வார்த்தை வலிச்சுது அண்ணா. இல்லைன்னு சொல்லல. ஆனா அப்புறம் யோசிச்சா, தெரியாம சொன்ன வார்த்தைதானே? தெரிஞ்சிருந்தா ராத்திரி பகல்னு பாக்காம மாத்திக் குடுத்திருப்ப. உன்மேல கோவம் போய் ரொம்ப நாளாச்சு. அந்த வீட்டுக்கு வந்தா அவங்க முகத்துல முழிக்கணுமேன்னுதான் வரல."

வாலு பெட்டிக்குள் போவதா வேண்டாமா என்பதை நாளைக்குப் பட்டறைக்கு வந்து, தானே பார்த்துவிட்டுச் சொல்வதாகத் தங்கை சொன்னாள். அண்ணியும் அங்கே இருக்க வேண்டும், ஏன் மறைத்தார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றாள்.

தங்கை வருகிறாள். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அவள் தன் வாசலுக்கு வருகிறாள். ஆனால் வழியெல்லாம் அவர் நினைத்துக்கொண்டு வந்தது அதை அல்ல. மனைவியை என்ன கேட்பது என்பதைத்தான். உண்மையைச் சொன்னால், அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. தப்பில் பாதியை இறக்கி வைக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டதல்லவா? தெருமுனை திரும்புவதற்குள் அந்தப் பாதி முக்கால் ஆகிவிட்டது.

வீட்டில் மனைவி கொடியிலிருந்து எடுத்த படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். வாலு போய்விட்டிருந்தாள். தச்சர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பெட்டிய இடது கைக்கு மாத்தணும்னு அவ உன்கிட்ட சொன்னாளா?"

மனைவியின் கைகள் விரிப்பின்மேலேயே நின்றன. "சொன்னா."

"அதை என்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணலையா? பதினஞ்சு வருஷம். அவ தோளே போயிடுச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…"

"சொன்னேங்க."

சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

"அன்னிக்கே சொன்னேன். நீங்க பட்டறையில ஏதோ ஒரு கதவுக்குக் கீல் போட்டுக்கிட்டு இருந்தீங்க. பக்கத்துல வந்து நின்னு, அவ இடது கைக்காரியாம், பெட்டிய மாத்தி வேணுமாம்னு சொன்னேன். என் பெட்டியில குறை கண்டுபிடிக்கறவ இனிமே என் வீட்டுக்கு வர வேணாம்னு சொல்லிடு, அப்படின்னீங்க. திரும்பிக்கூடப் பாக்கல."

"நான் அப்படிச் சொல்லல."

"சொன்னீங்க."

அவர் தேடிப் பார்த்தார். கதவுகள் நினைவுக்கு வந்தன, கீல்கள் நினைவுக்கு வந்தன, அந்த வருஷம் செய்த ஒவ்வொரு வேலையும் வரிசையாக வந்தது. மனைவி பக்கத்தில் வந்து நின்றது மட்டும் வரவில்லை. பொய் சொல்லுகிறவள் அல்ல அவள். முப்பது வருஷத்தில் அது அவருக்குத் தெரியும். அப்படியென்றால் அதைச் சொன்னது அவர்தான். சொன்னது நினைவில் நிற்கிற அளவுக்குக்கூட அது அவருக்குப் பெரிய விஷயமாக இருக்கவில்லை.

"அப்ப அவகிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார். கேள்வி பாதி உள்ளேயே நின்றுவிட்டது.

"எப்படிச் சொல்றது? உன் அண்ணனுக்குத் தெரியும், தெரிஞ்சும் முடியாதுன்னுட்டாருன்னா? பொறந்த வீட்டுல அவளுக்கு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். என்னை வெறுத்தா அண்ணிதானேன்னு போயிடும். உங்களை வெறுத்துட்டா அவ எங்க போவா?" மனைவி விரிப்பைக் கட்டிலில் வைத்தாள். "அரங்கத்துல அவ பாதியில மாட்டி அவமானப்பட்ட அன்னிக்கு, நீங்க பேசினதை நானும் நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பவாவது வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல. அது என் தப்புதான். அதுக்கு அவ என்னைத் திட்டினா வாங்கிக்கறேன்."

தச்சர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நாளைக்கு அவள் வருகிறாள், உன்னைத்தான் கேட்கப் போகிறாள் என்று மெல்லச் சொன்னார். தன்மேல் கோபம் போய்விட்டதாக அவள் சொன்னதையும் சொன்னார். ஏன் போய்விட்டது என்பதைச் சொல்லும்போது அவரால் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் அவருக்கு எதிரே, தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"இத்தனை வருஷம் பழிய என் தலையில போட்டுக்கிட்டேன். இன்னும் போட்டுக்கச் சொன்னாலும் போட்டுக்கறேன், எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். "நீங்களே சொல்லுங்க. நாளைக்கு அவ வந்து கேட்டா, நான் என்ன பதில் சொல்லட்டும்?"